பத்து லட்சத்துச் சொச்சம்

பல்செட்டுக்காரர் என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரானாலும் வழி காட்டுவார்கள். சுத்தியல் என்று கேட்டால் சைக்கிள் கடை மாடிக்கு வந்துபோகிற பத்துப் பதினைந்து பேருக்கு மட்டும்தான் தெரியும். ஆள் ஒன்றுதான், பேர்தான் இரண்டு. முதல் பேர் அவருக்குச் சோறு போட்டது. ஆனால் மனுஷன் உயிரை வைத்திருந்தது என்னவோ இரண்டாவது பேர் மேல்தான்.

வேலை என்று பார்த்தால் குறையே சொல்ல முடியாது. பல் டாக்டர் கிளினிக்கின் பின்பக்கம், குளியலறை அளவுக்கு ஓர் அறை. டாக்டர் அனுப்புகிற வாய் அளவுகளில் மாவு ஊற்றி அச்சு எடுப்பார், ரோஸ் மெழுகில் ஈறு கட்டுவார், மேலே பதினாலு, கீழே பதினாலு என்று பல்லைப் பதிப்பார். கடைசியில் மெருகுச் சக்கரத்தில் பிடித்தால் அறை முழுக்க ரோஸ் தூசி பறக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம்கூட ரோஸாக இருக்கும். "கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கீங்க" என்று மனைவி கிண்டல் செய்வாள். அவளுக்குத் திரைச்சீலைக் கடையில் வேலை. ஜன்னல் அளவைக் கொடுத்தால் போதும், எத்தனை மடிப்பு, மடிப்புக்கு எவ்வளவு துணி, ஓரத்துக்கு எவ்வளவு என்று கத்தரியைக் கையில் எடுப்பதற்குள் சொல்லிவிடுவாள். இரண்டு பேருக்கும் சண்டை சச்சரவு என்று அக்கம்பக்கத்தில் யாரும் கேட்டதில்லை.

இப்போது மாடிக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மற்றவர்கள் சீட்டாடுவார்கள், கேரம் ஆடுவார்கள், வேட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு குறட்டை விடுவார்கள். இந்தக் கூட்டம் எண் உடைக்கும். ஆமாம், எண்தான். சிரிப்பு வருகிறதா? சிரித்துவிட்டு வாருங்கள், சொல்கிறேன்.

ஒருவர் கரும்பலகையில் பெரிய எண் ஒன்றை எழுதுவார். அது எந்த இரண்டு எண்களைப் பெருக்கி வந்தது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நூற்று நாற்பத்து மூன்று என்றால் பதினொன்றும் பதிமூன்றும். அதெல்லாம் பால்குடிப் பிள்ளைகளுக்கு. இவர்கள் போடுவது ஆறு இலக்கம். பேப்பரும் பென்சிலும் மட்டும்தான். போனை எல்லாம் வாசலில் இருக்கிற பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சுவரில் ஓர் அட்டை. வேறு எதாலும் வகுபடாத எண்கள், அதுதான் பகா எண்கள், இரண்டில் தொடங்கி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு வரைக்கும் வரிசையாக எழுதியிருக்கும். பஸ் டிரைவர் ஒருவர் உட்கார்ந்து எழுதியது. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டியது, மிச்சமில்லாமல் போனால் எண் உடைந்தது. ஆறு இலக்க எண்ணுக்கு ஆயிரம் வரைக்கும் பார்த்தாலே போதும், அதற்கு மேல் போக வேண்டியதில்லை. ஏனென்றால் ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம், ஏழு இலக்கம் ஆகிவிடும். இரண்டு துண்டும் ஆயிரத்துக்கு மேலே இருக்க வழியே இல்லை.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு கறாரான விதி உண்டு. பலகையில் போடுகிற எண் உடைகிற எண்ணாக இருக்க வேண்டும். உடையவே உடையாத பகா எண்ணைக் கொண்டுவந்து போட்டு, மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதை வேடிக்கை பார்த்தால் அதற்குப் பேர் 'கல்'. சோற்றில் கல் போடுகிற மாதிரி. யாருக்காவது சந்தேகம் இருந்தால் எழுந்து நின்று "கல்" என்று சொல்லலாம். சொன்னதும் எண்ணைப் போட்டவர் பலகைக்கு வந்து இரண்டு துண்டையும் எழுதிக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அவர் அன்றோடு வெளியே. காட்டிவிட்டால் கல் என்று சொன்னவர் வெளியே. மன்னிப்பு, சமாதானம் எதுவும் கிடையாது. டைப் அடிக்கிற ஒருவர் அப்படித்தான் ஒரு தடவை கல் போட்டு மாட்டினார். இப்போதும் இவர்களில் யாராவது எதிரே வந்தால் அந்த மனுஷன் எதிர்ப்பக்கம் கடந்து போய்விடுவார். அத்தனை அசிங்கம் அது.

நம் ஆளுக்குச் சுத்தியல் என்று பேர் வந்ததும் அங்கேதான். ஒரு தடவை ஏழு லட்சத்துப் பதினைந்தாயிரத்து நானூற்று இருபத்தேழு என்று ஒரு எண் வந்தது. ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிவிட்டார்கள். பேக்கரிக்காரர் முந்நூறு வரைக்கும் போய்ப் படுத்துவிட்டார், டிரைவர் ஐந்நூறில் நின்றுவிட்டார். இவர் மட்டும் அட்டையில் ஒன்றுகூட விடாமல் வகுத்துக்கொண்டே போனார். எண்ணூற்று இருபத்தொன்பதில் டமால் என்று உடைந்தது. இன்னொரு துண்டு எண்ணூற்று அறுபத்து மூன்று. கூட்டத்துக்குத் தலைவியான மருந்துக்கடை அம்மாவே எழுந்து கைதட்டினார். "அடிச்சுக்கிட்டே இருக்கீங்களே, நீங்க மனுஷனா சுத்தியலா?" என்றார். பேர் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகிறபோது அவருக்குத் தரை தட்டுப்படவில்லை.

அதற்கப்புறம் வருஷக்கணக்கில் மாடியில் அவர் ராஜ்யம்தான். யார் எண் போட்டாலும் கடைசியில் எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

மனைவியை அங்கே கூட்டிக்கொண்டு போனதும் அவரேதான். வினையை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்கவில்லை. திரைச்சீலைக் கடைக்கு ஞாயிறு விடுமுறை விட ஆரம்பித்தார்கள், வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று, "சும்மா வா, வேடிக்கை பாரு" என்று அழைத்துப் போனார். தன் பெருமையை அவள் பார்க்கட்டும் என்கிற ஆசையும் உள்ளே இருந்தது, இல்லாமலென்ன. அன்று டிரைவர் பலகையில் மூன்று லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று எழுதினார். எல்லாரும் பேப்பரில் தலையைக் கவிழ்த்தார்கள். இவர் மூன்றால் வகுத்து, ஏழால் வகுத்து, பதினொன்றுக்கு வருவதற்குள் பக்கத்திலிருந்து மெல்லமாக ஒரு குரல்.

"ஏங்க, இது மூணு லட்சத்து அறுபதாயிரத்துக்கு ஒண்ணு கம்மிதானே?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப? பேசாம இரு."

"அறுநூறை அறுநூறால பெருக்கினா மூணு லட்சத்து அறுபதாயிரம். சதுரமா ஒரு துணி. அதுல ஒரு பக்கம் ஒரு இஞ்ச் நறுக்கி இன்னொரு பக்கம் வெச்சுத் தைச்சா, மூலையில ஒரு சின்னத் துண்டு மட்டும் மிஞ்சும். அந்த ஒண்ணுதான் கம்மி. அப்ப அறுநூத்தி ஒண்ணு, ஐநூத்தித் தொண்ணூத்தொம்பது. சரியா?"

டிரைவர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. பேக்கரிக்காரர் வாயைப் பிளந்தார். மருந்துக்கடை அம்மா பெருக்கிப் பார்த்துவிட்டு, "அம்மாடி, எங்கேயிருந்தம்மா வந்தே நீ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சுத்தியலும் சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது, வயிற்றுக்குள் இறங்கவில்லை.

அப்புறம் அவள் வராத ஞாயிறு இல்லை. இவர் மூன்று, ஏழு, பதினொன்று என்று வகுத்துக்கொண்டே போவார். அவள் எண்ணைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பாள், பக்கத்தில் இருக்கிற சதுரம் எது என்று தேடுவாள், எவ்வளவு நறுக்கி எங்கே ஒட்டலாம் என்று யோசிப்பாள். எல்லா எண்ணும் அப்படி மசியாது. மசிகிற எண் வந்தால் இவர் பென்சிலைக் கூர் சீவி முடிப்பதற்குள் அவள் முடித்திருப்பாள். மாடியில் அவளுக்கு 'மடிப்பக்கா' என்று பேர் விழுந்தது. ஜன்னலோரத்து நாற்காலி அவளுக்கு என்று ஆனது. பேக்கரிக்காரர் கொண்டுவருகிற பன் பொட்டலம் முதலில் அவளிடம் போனது. "நீங்களும் அந்த முறையைப் பழகிக்குங்களேன்" என்று அவள் ஒரு தடவை சொன்னாள். "குறுக்கு வழியெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரிப்படாதாம்! பொறாமை என்று நேரே சொன்னால் என்ன, வாய் வெந்தா போகும்?

அதையும் தாங்கிக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிறு புதிதாக ஒருவர் வந்தார். பேக்கரிக்காரர் ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைத்தார். "இவங்கதான் மடிப்பக்கா. நம்ம கூட்டத்துக்கே மூளை." புதியவர் கும்பிட்டார். "இவரு அக்கா வீட்டுக்காரரு."

சுத்தியல் இல்லை. பல்செட்டுக்காரர்கூட இல்லை. அக்கா வீட்டுக்காரரு!

அன்றிலிருந்து வீட்டில் காபி ஆறிப்போயிருந்தது, குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது, ஃபேன் சத்தம் காதைத் துளைத்தது. எது சொன்னாலும் குத்தல். "உனக்குத் தெரியாததா?" என்பார். "நீ மூளையாச்சே" என்பார். அவள் பதிலுக்குப் பதில் பேசவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். பேசாமல் போனதும் இவருக்குப் பிடிக்கவில்லை. திமிர் என்று நினைத்தார். மாடிக்கு அவள் வராமல் இருந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று மெருகுச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து நினைத்துக்கொள்வார். நினைத்ததும் வெட்கமாக இருக்கும். வெட்கம் போனதும் மறுபடி நினைப்பார்.

இந்த நிலையில்தான் அவள் முதல் தடவையாகத் தானே ஓர் எண் போட்டாள். அதுவரைக்கும் உடைத்துக்கொண்டுதான் இருந்தாள், போட்டதில்லை. அன்று எழுந்து போய் நிதானமாக எழுதினாள்.

1022117.

பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு. ஏழு இலக்கம். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. "அக்கா, இது ரொம்ப ஓவர்" என்றார் டிரைவர். விதியில் ஆறு இலக்கம்தான் என்று எங்கேயும் இல்லை, அதுவரை யாரும் ஏழுக்குப் போனதில்லை, அவ்வளவுதான். அவள் உட்கார்ந்தபோது ஒரு தடவை சுத்தியலைப் பார்த்துச் சிரித்தாள். சவால் விடுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். மாசக் கடைசிக்குள் உடைக்க வேண்டும் என்பது வழக்கம்.

உடைக்காமல் விடுவாரா? கிளினிக் அறையில் மாவு காய்கிற நேரமெல்லாம் வகுத்தல்தான். இலக்கங்களைக் கூட்டினால் பதினாலு, ஆக மூன்று போகாது. ஏழால் வகுத்தால் ஐந்து மிச்சம். பதினொன்றும் போகவில்லை. பதிமூன்றால் வகுத்தாலும் ஐந்து மிச்சம். "அது என்ன, எல்லாத்துக்கும் அஞ்சு?" என்று மெழுகுக் கத்தியோடு பேசிக்கொண்டார். பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று... ஒரு பெரியவருக்குக் கீழ்ப்பல் வரிசையில் பதினைந்து பல்லைப் பதித்துவிட்டு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். முந்நூற்று முப்பத்தேழில் உயிர் போய்த் திரும்பியது. இன்னும் நாலே நாலு அதிகமாக இருந்திருந்தால் மிச்சமே இல்லாமல் போயிருக்கும்! நாலு குறைவு. பென்சிலைத் தூக்கி அடித்தார், அது மாவு வாளிக்குள் விழுந்தது.

அந்த நாலைக் கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். நாலு கூட்டினால் வருவது எதன் சதுரம் என்று மனைவியின் வழியில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும். ஆனால் அது அவள் வழி ஆயிற்றே! செத்தாலும் அதில் கால் வைப்பாரா?

வீட்டில் அவள் கேட்டாள், "என்ன, ஆச்சா?"

"ஆகும், ஆகும்."

"விடாதீங்க. எல்லாரும் பாதியில விட்டுடுவாங்க. நீங்க விடமாட்டீங்க."

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இவர் முகத்தைப் பார்ப்பதையே விட்டிருந்தார்.

பிறகு அந்த பேக்கரி விஷயம். கிளினிக்கிலிருந்து திரும்பி வருகிறார். பேக்கரிக் கவுன்டரில் மனைவி நிற்கிறாள், கையில் ரொட்டிப் பை. பேக்கரிக்காரர் கல்லாவுக்கு மேலே குனிந்து ஏதோ ரகசியம் சொல்கிறார். அவள் சட்டென்று உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்கிறாள். அப்புறம் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். சுத்தியல் எதிர்ப்பக்கத்திலேயே நின்றுவிட்டார். என்ன ரகசியம்? யாரைப் பற்றிச் சிரிப்பு? என்னைப் பற்றித்தான், வேறென்ன! எதிர்ப்பக்கமாகவே நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். அவள் வந்ததும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ரொட்டி பழசு என்று மட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து வேறு ஆளாக வகுத்தார். உடைப்பதற்காக வகுத்தவர் இப்போது உடையக்கூடாது என்று வகுத்தார். எண்ணூறு தாண்டியது, உடையவில்லை. தொள்ளாயிரம் தாண்டியது, உடையவில்லை. ஒவ்வொரு தடவை மிச்சம் நின்றபோதும் ஒரு குஷி. அட்டையின் கடைசி எண், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. ஆயிரத்து இருபத்தைந்து தடவை போய், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மிச்சம். பென்சிலைக் கீழே வைத்தார். கல்! அவள் போட்டது கல்! பகா எண்ணைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, பேக்கரிக்காரரோடு சேர்ந்துகொண்டு என்னை மாடு மாதிரி உழவிட்டிருக்கிறாள்!

பத்து லட்சம் என்றால் ஆயிரம் வரைக்கும் பார்த்தால் சரி. இது பத்து லட்சத்துச் சொச்சம். அந்தச் சொச்சத்துக்கு ஆயிரத்தைத் தாண்டியும் கொஞ்சம் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. மனதின் ஓர் ஓரத்தில் ஈ மாதிரி ஒரு தரம் பறக்கவும் செய்தது. கையை வீசி விரட்டிவிட்டார். இத்தனை வருஷமாக அட்டையோடு முடிந்ததுதான் கணக்கு. அட்டை முடிந்தது, கணக்கும் முடிந்தது, அவளும் முடிந்தாள். அவ்வளவு சந்தோஷத்தில் யார் சொச்சத்தைப் பார்க்கிறார்கள்?

ஞாயிறு வந்தது. இரண்டு பேரும் சேர்ந்தேதான் படியேறினார்கள். வாளியில் போனைப் போட்டார்கள். மருந்துக்கடை அம்மா வழக்கம் போல, "யாராவது உடைச்சீங்களா?" என்று கேட்டார். பேக்கரிக்காரர் தரையைப் பார்த்தார். சுத்தியல் எழுந்து நின்றார்.

"கல்" என்றார்.

டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணே, விளையாடாதீங்க."

"விளையாட்டு இல்ல. அட்டை முழுக்கப் பாத்தாச்சு. ஒண்ணுகூட விடல. இது கல்லு."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார் மருந்துக்கடை அம்மா. "இது யார் போட்ட எண்ணுன்னு..."

"யாரா இருந்தா என்னம்மா? விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

சொல்லிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். திருட்டு மாட்டிக்கொண்ட முகத்தைப் பார்க்கலாம் என்று திரும்பினார். அந்த முகம் அங்கே இல்லை. அவள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி.

"நிஜமாவே சொல்றீங்களா?" என்றாள்.

"நிஜமாத்தான்."

எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். பலகைக்குப் போய் எழுதினாள்.

1009 × 1013.

டிரைவர் பேப்பரை இழுத்துப் பெருக்கினார். ஆயிரத்தொன்பதை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சத்து ஒன்பதாயிரம். பதிமூன்றால் பெருக்கினால் பதிமூவாயிரத்து நூற்றுப் பதினேழு. கூட்டினார். ஒருவரும் விடை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"ஆயிரத்துப் பதினொண்ணு சதுரத்துக்கு நாலு கம்மி" என்றாள் அவள், பலகையைப் பார்த்தபடி. "ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு. அவ்வளவுதான் இது."

சுத்தியலுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அட்டையின் கடைசி எண்ணுக்கு அடுத்த பகா எண், ஆயிரத்தொன்பது. ஒன்றே ஒன்று. இன்னும் ஒரே ஒரு வகுத்தல் போட்டிருந்தால்!

அப்போதுதான் பேக்கரிக்காரர் பொறுக்க மாட்டாமல் கத்தினார். "என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க! நான் ரெண்டு வாரத்துக்கு முந்தியே அக்கா வழியில உடைச்சுட்டேன். கடையில வெச்சு அக்காகிட்ட சொன்னேன். அக்காதான், உஷ், வெளிய சொல்லாதீங்க, இது அவருக்காகப் போட்ட எண்ணு, ஆயிரத்தைத் தாண்டிப் போய்ப் பாக்கறவரு அவரு ஒருத்தர்தான், அவரே உடைக்கட்டும்னாங்க. அவரு கொஞ்ச நாளா முகமே சரியில்லைன்னு சொல்லிக் கண் கலங்கினாங்கண்ணே!"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அவள்.

மருந்துக்கடை அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, வீட்டுக்குள்ள நடந்ததா நெனச்சு இந்த ஒரு தடவை விட்டுடுவோமே" என்று இழுத்தார். "ஆமா, விட்டுடலாம்" என்றார் டிரைவர். சுத்தியலுக்கும் அந்த நிமிஷம் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. யாராவது இன்னொரு தடவை சொன்னால் போதும், உட்கார்ந்துவிடலாம். மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாக்பீஸ் தூசியைக் கையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள். வாளியிலிருந்து போனை எடுத்துக்கொண்டு அவர் படி இறங்கினார்.

பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது. வந்துவிட்டாள்! அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவருக்குப் பாதி உயிர் திரும்பியது. சைக்கிள் கடைக்கு முன்னால் நின்றார். கடை மூடியிருந்தது, வாசலில் இரண்டு பழைய டயர் கிடந்தது.

"அட்டையை நம்பிட்டேன்" என்றார். "ஏழு இலக்கம்னா அட்டைக்கு மேலயும் போகணும்னு தோணிச்சு, விட்டுட்டேன். பெரிய முட்டாள்தனம். கணக்குல தப்புப் பண்ணிட்டேன்."

"கணக்குல யாருக்கும் தப்பு வரும். அதுக்கா நான் பின்னால வந்தேன்?"

அவர் காலடியில் கிடந்த டயரை ஓரமாகத் தள்ளினார்.

"உங்க கணக்கு உடையலைன்னு சொல்லுச்சு. நான் உடையும்னுதான் போட்டேன். ரெண்டுல ஒண்ணு தப்பா இருக்கணும். கணக்கு தப்பா இருக்குமோன்னு ஒரு நிமிஷம் தோணிச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவளைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை.

"தோணல" என்றார்.

"இவ ஏமாத்த மாட்டாளேன்னு தோணிச்சா?"

மாடி ஜன்னலிலிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"வந்து என்னைக் கேட்டிருக்கலாம்ல?" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ஏண்டி, இது உடையுமா உடையாதான்னு ஒரு வார்த்தை. ஒரே வீட்டுலதானே இருந்தோம்? பக்கத்துலதானே படுத்திருந்தேன்?"

"வா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

அவள் பையைத் துழாவி வீட்டுச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்க போங்க. டிரைவரண்ணன் இன்னிக்குப் புது எண்ணு போடறேன்னு சொல்லியிருக்காரு. முடிச்சிட்டு வரேன்."

திரும்பிப் படியேறிவிட்டாள். அவர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது, டிரைவர் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்கிற குரல் கேட்டது. பழக்க தோஷம், அவர் மனது அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மூன்றால் வகுக்க ஆரம்பித்தது. பாதியில் நிறுத்திவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தார்.